ஜவ்வின் மறுமுனை

இருசாயி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே என் மாமியாரோடு சண்டை போட்டாள். கால் கழுவக் கொடுத்த சொம்பின் அடியில் மண் கிடந்தது. "மண்ணக் கரச்சுக் குடுக்கறதுதான் இந்த ஊட்டு மரியாதையா?" என்று கேட்டாள். என் மாமியார் ராமாயி, "ஒருத்தன உட்டுட்டு வந்தவளுக்குப் பன்னீரா குடுப்பாங்க?" என்றாள். அதன்பிறகு அவர்கள் இருவரும் நல்லபடியாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அது ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வாக்கில். நான் அந்த வீட்டின் சின்ன மருமகள். இருசாயி, என் கணவரின் அண்ணன் வேலப்பனைக் கட்டிக்கொண்டு வந்தவள். முறைக்கு நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இரண்டாவது முறை கூப்பிட்டால், "காது இருக்குது, சொல்லு" என்பாள். களை வெட்டப் போனால் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்த்து, "பொணம் தூக்கிட்டு வாறீங்களா?" என்பாள். அவளோடு சேர்ந்து போக யாருக்கும் விருப்பமில்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற நாளில்கூட அவளுக்கென்று ஒரு ஓரம் ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் தள்ளிப் போய் நிற்பார்கள்.

எங்கள் மலையில் ஒரு பெண் புருஷனை விட்டு வேறொருவனோடு போவது புதிதல்ல. ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று துரும்பு கிள்ளிப் போட்டால் உறவு தீர்ந்தது. ஆனால் பிள்ளை தகப்பனுக்குத்தான். பெற்றவள் வெறும் கையோடுதான் போகவேண்டும். அதோடு முடிவதில்லை. துரும்பு கிள்ளிப் போட்ட இரண்டு வீட்டுக்கும் இடையில் கைக்குக் கை எதுவும் மாறக்கூடாது. உப்போ, நெருப்போ, தின்கிற பண்டமோ, எதுவானாலும் ஒரு வீட்டார் நீட்டியதை மற்ற வீட்டார் வாங்கக்கூடாது. வாங்கினால் கிள்ளிய துரும்பு செல்லாமல் போய்விடும், இரண்டு குடிக்கும் கேடு வரும் என்பார்கள்.

இருசாயியின் முதல் புருஷன் கருப்பண்ணன். ஓடைக்கு அந்தப்பக்கத்து ஊர். இருவருக்கும் ஒரு பெண், பொன்னாயி. இருசாயி வந்தபோது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. கருப்பண்ணனின் அக்கா பாவாயி, புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்திருந்தவள், அந்தப் பிள்ளையை வளர்த்தாள். வேலப்பனிடம் வந்த பிறகு இருசாயிக்குப் பிள்ளை உண்டாகவில்லை. என் மாமியார் அதையும் விட்டுவைக்கவில்லை. "பெத்தத அங்க போட்டுட்டு வந்தா இங்க எப்பிடித் தங்கும்?" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

தைப் பொங்கலை நாங்கள் தை நோம்பி என்போம். அதன் மூன்றாம் நாள் பிள்ளைகள் கூட்டமாக ஊர் ஊராகப் போவார்கள். எந்த வீட்டு வாசலிலும் நிற்கலாம். உருண்டையோ பொரியோ கொடுக்காமல் அனுப்பக்கூடாது. இருசாயி வந்த முதல் வருஷம் தினை உருண்டை பிடித்து வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து வாசலிலேயே நின்றாள். ஓடை தாண்டி அந்த ஊர்ப் பிள்ளைகளும் வந்தார்கள். பொன்னாயியும் வந்தாள். மற்ற பிள்ளைகள் நீட்டிய கையில் எல்லாம் உருண்டை விழுந்தது. பொன்னாயி மட்டும் வேலிப் படலுக்கு வெளியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

இருசாயி உருண்டையை நீட்டினாள். "வாங்கிக்கோ கண்ணு."

"எங்கத்தை வாங்கக் கூடாதுன்னு சொல்லிச்சு."

"ஒண்ணு."

"வேண்டாம். துரும்பு கிள்ளியாச்சு."

பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உருண்டையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு மற்ற பிள்ளைகளுக்குப் பின்னால் போய்விட்டாள். இருசாயி அந்த உருண்டையை மாட்டுக்குப் போட்டாள். மாட்டைப் பிடித்துக் கட்டும்போது அதன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

அந்த மாசியில் செம்மேட்டுச் சந்தைக்கு நாங்கள் மிளகு கொண்டுபோனோம். மலைக்குக் கீழேயுள்ள கீழ்நாட்டிலிருந்து வெல்லம் ஏற்றி வந்தவர்களோடு ஜவ்வு மிட்டாய்க்காரன் ஒருவனும் வந்திருந்தான். கல்லில் ஊற்றி ஆறவைத்த பாகை, நட்டிருந்த மரத்தில் அடித்த முளையில் மாட்டி, இழுத்து மடித்து, மறுபடி மாட்டி இழுத்துக்கொண்டிருந்தான். கறுப்பாக இருந்த பாகு இழுக்க இழுக்கச் செம்பு நிறமாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வந்தது. பிள்ளைகள் ஈயைப்போல மொய்த்தார்கள். இருசாயி அங்கேயே நின்றுவிட்டாள். நான் மிளகைக் கொடுத்து, உப்பும் துணியும் வாங்கித் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில்தான் நின்றாள்.

"என்னம்மா, தொழில் கத்துக்கப் பாக்கறியா?" என்று அவன் கேட்டான்.

"உன் மூஞ்சியப் பாக்கவா நிக்கிறேன்?" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெல்லம் தங்கவில்லை. முதலில் பாகு முறியாமல் கூழாகக் கிடந்தது. அடுத்த முறை கல்லாகிப்போய் உலக்கையால் உடைக்க வேண்டியிருந்தது. எலுமிச்சைச் சாறு சொட்டினால்தான் பாகு மணல் கட்டாமல் இழுபடும் என்பதை அவளே கெடுத்துக் கெடுத்துக் கண்டுபிடித்தாள். பலா மரத்தடியில் கல் கூட்டி அடுப்பு வைத்தாள். மரத்தில் முளை அடித்து, உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தனியாக நின்று இழுத்தாள். கை கொப்பளித்தது. என் மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். "எம்மருமவ வெல்லத்தக் காச்சி மரத்துல கட்டி இழுக்கறா. மாட்டுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியல பாவத்துக்கு."

வேலப்பன் எதுவும் சொல்லமாட்டார். மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவர் தினமும் விறகுக்குப் போனார். எங்கள் வீட்டில் அந்த வருஷம் விறகுக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்த தை நோம்பி வந்தது. மூன்றாம் நாள் காலையில் நான் தண்ணீர் கொண்டுவரும்போது இருசாயி பலா மரத்தடியில் குந்தியிருந்தாள். கையில் ஒரு கல். மரத்தில் நன்றாக இறுகியிருந்த முளையை இப்படியும் அப்படியும் தட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள். அது கையோடு வந்ததும் அடுப்பில் போட்டாள். நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"முளை இல்லாம எப்பிடிக்கா இழுப்பே?"

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"நான் வேணா மறுமுனையப் பிடிக்கட்டுமா?"

"உங்கை சூடு தாங்காது. போ, போய் மாட்டப் பாரு."

பிள்ளைகள் வந்தார்கள். கல்லின்மேல் பாகு பளபளவென்று கிடந்தது. இருசாயி யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. "இழுக்க ஆள் வேணும். இழுக்காம மிட்டாய் ஆவாது. யாரு வாறீங்க?" என்றாள். பையன்கள் முண்டியடித்தார்கள். ஒருவன் பிடித்ததும் சூடு தாங்காமல் விட்டுவிட்டான். இன்னொருவன் இழுத்ததில் அறுந்தது. அவள் திட்டினாள். "கஞ்சி குடிக்கிற கையா இது? போடா அங்கிட்டு." ஒவ்வொருவனாகத் தள்ளிவிட்டாள். கடைசியில் வேலியருகே நின்ற பொன்னாயியைப் பார்த்தாள்.

"நீ வா."

"நான் வாங்க மாட்டேன்."

"யாரு உனக்குக் குடுத்தா? இழுக்கத்தான் கூப்பிட்டேன். கல்லு மேல கெடக்குது. அந்த முனைய நீயே எடுத்துக்கோ."

பிள்ளை யோசித்தது எனக்குத் தெரிந்தது. கல் பொது, பாகு கல்லின்மேல் இருக்கிறது, எடுத்தால் வாங்கியது ஆகாது. படலைத் தாண்டி வந்தாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு முனையை எடுத்தாள். மறுமுனையை இருசாயி எடுத்தாள். இருவரும் பின்னால் நடந்தார்கள். பாகு நடுவில் தொய்ந்து நீண்டது. முன்னால் வந்து மடித்தார்கள். மறுபடி பின்னால் போனார்கள். பொன்னாயியின் கை விடவில்லை. சூடு பட்டு அவள் உதட்டைக் கடித்தாள், ஆனால் விடவில்லை.

மூன்று நான்கு மடிப்புக்குப் பிறகு பிள்ளைதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏன் உட்டுட்டுப் போனே?"

"இறுக்கிப் பிடி. தொய்யுது."

"ஏன் போனே?"

"உங்கொப்பன் அடிச்சான்."

"எங்கொப்பன் என்னை அடிக்கறதில்ல."

"உன்னை அடிச்சான்னு நான் சொல்லல."

மடித்தார்கள். பாகு செம்பு நிறத்துக்கு வந்திருந்தது. இந்த நேரத்தில் நிறுத்தினால் அது கெட்டியாகி உடைந்துவிடும். இருவரில் யாரும் விடமுடியாது.

"என்னையுங் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்ல."

"குடுக்க மாட்டாங்க."

"கேட்டியா?"

  இருசாயி பின்னால் நடந்து, முன்னால் வந்து, மடித்து, மறுபடி பின்னால் போனாள்.

"கவுண்டர் முன்னால நின்னியே, கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்?"

"யாரும் கேக்கறதில்ல."

"நீ எல்லாரையும் கேள்வி கேக்கறவதான?" என்றாள் பிள்ளை. அழவில்லை. பாகை வெடுக்கென்று இழுத்தாள். இருசாயி தடுமாறி ஓரடி முன்னால் வந்தாள்.

அப்போதுதான் பாவாயி வந்தாள். ஓடைக்கரையில் தழை அறுத்துக்கொண்டிருந்தவளிடம் எந்தப் பையனோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான். கையில் அரிவாளோடு படலைத் தள்ளிக்கொண்டு நேராக வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் நீண்டிருந்த பாகை ஒரே வீச்சில் அறுத்தாள். இரண்டு துண்டும் மண்ணில் புரண்டன. அரிவாள் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த பாகை மண்ணில் தேய்த்துத் துடைத்தாள்.

"துரும்பு கிள்ளினவளுக்குத் தூண்டில் போடத் தெரியுது" என்றாள்.

"எம்பிள்ளையப் பிடிக்க எனக்கெதுக்குடி தூண்டில்?"

"யாரு பிள்ளை? உட்டுட்டுப் போன பொறவு ஒரு நாள் தலைக்குத் தண்ணி ஊத்தியிருப்பியா நீ?"

என் மாமியார் உள்ளேயிருந்து வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். சொந்த மருமகளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பாவாயிக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். பாவாயி வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு ஊருக்கும் பஞ்சாயத்து கூடியது. ஊர்க்கவுண்டர் அப்பாசாமி வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே கேட்டார். பெண்கள் நாங்கள் தள்ளி உட்கார்ந்திருந்தோம். கருப்பண்ணன் தலையைக் குனிந்தபடி இருந்தான். பேசியதெல்லாம் பாவாயிதான்.

"கைக்குக் கை மாறிப்போச்சுங்க. ஊருக்கே தெரியும்."

"எங்க மாறுச்சு?" என்று இருசாயி எழுந்தாள். "அவ முனை அவ கையில. எம்முனை எங்கையில. நடுவுல பாகுதான இருந்துச்சு?"

"பாகு யாரு காச்சுனது?"

"வெல்லம் யாரு வெளைய வச்சது? கீழ்நாட்டுக்காரன். அவங்கூடவும் துரும்பு கிள்ளியிருக்கீங்களா?"

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அப்பாசாமி கையைக் காட்டி அடக்கினார்.

"உக்காரு. பொம்பளைக்கு இத்தன வாய் ஆவாது." பிறகு பிள்ளையைக் கூப்பிட்டார். "இங்க வா சாமி. தின்னியா?"

"இல்லீங்க. அத்தை அறுத்துப்புடுச்சு."

"அவ குடுத்து வாங்குனியா?"

"இல்லீங்க. நானே எடுத்தேன். இழுத்தேன்."

அப்பாசாமி குச்சியைத் துப்பினார். அவருக்கும் இருசாயியைப் பிடிக்காது. ஒரு தடவை காட்டுப் பாதையில் அவரைப் பார்த்து, வழியை விட்டு நிற்கச் சொன்னவள். ஆனாலும் முறையென்று வந்தால் முறைப்படிதான் பேசுவார். "இழுக்கறது வாங்கறது ஆவாது. தின்னா வாங்கினது ஆயிரும். பிள்ளை நோம்பிக்கு வந்தா இழுக்கலாம். திங்கக் கூடாது. கை கழுவிட்டுத்தான் ஊட்டுக்குப் போவோணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

யாருக்கும் அது பிடிக்கவில்லை. பாவாயி காறித் துப்பிவிட்டுப் போனாள். இருசாயிக்கும் பிடிக்கவில்லை. தான் கையால் கொடுத்ததைப் பிள்ளை ஒரு வாய் தின்னவேண்டும், அவளுக்கு வேண்டியது அதுதான். "ஊருக்கெல்லாம் மிட்டாய் ஆக்கறவளுக்கு எம்பிள்ளை வாய் மட்டும் காயோணுமா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த ஒரு நாள்தான் அவள் என்னோடு சேர்ந்து நடந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு தை நோம்பிக்கும் பொன்னாயி வந்தாள். கூடவே பாவாயியும் வந்தாள். ஒரு குடம் தண்ணீரும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாம்பலும் கொண்டுவந்து, படலோரம் நின்று பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். இழுத்து முடிந்ததும் பொன்னாயி கையை நீட்டுவாள். பாவாயி சாம்பல் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிவிடுவாள். பாத்திரம் விளக்குவதுபோலத் தேய்ப்பாள். மற்ற பிள்ளைகள் வறுத்த தினைமாவில் புரட்டிய மிட்டாயை மென்றுகொண்டு அதையும் வேடிக்கை பார்ப்பார்கள்.

அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டதெல்லாம் சண்டைதான்.

"போன வருசத்த விடக் கருகல்."

"நீ காச்சிப் பாரேன்."

"உங்கை நடுங்குது. வயசாயிருச்சா?"

"இழுடி. பேசாத."

பொன்னாயி வளர வளர பாகு நீளமாக இழுபட்டது. இருசாயி தோளுக்குமேல் கையைத் தூக்கவேண்டி வந்தது. ஒரு வருஷம் பிள்ளைக்குக் காய்ச்சல். அன்றைக்குப் பாகு கல்லிலேயே கிடந்து இறுகியது. இருசாயி யாரையும் தொடவிடவில்லை. வந்த பிள்ளைகளை வெறும் பொரி கொடுத்து விரட்டினாள். என் மாமியார், "ஒரு பிள்ளைக்காக ஊர்ப் பிள்ளைங்க வாயில மண்ணப் போட்டா" என்று சித்திரை வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மலைக்கு ரோடு வெட்ட ஆள் எடுத்துக்கொண்டிருந்த வருஷம் பொன்னாயிக்குத் தேவனூர் நாட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று இருசாயி காட்டில் சாமை அறுத்தாள். ஓடைக்கு அந்தப்பக்கம் மேளம் கேட்டது. அவள் நிமிரவில்லை. என்னைத்தான், "கதிர உட்டுட்டுக் காதத் தீட்டிட்டு நிக்கிற" என்று திட்டினாள்.

அன்று சாயங்காலம் என் மாமியார் அடுப்படியில் உட்கார்ந்தபடி சொன்னாள். "இனி அவ அந்த ஊட்டுப் பொண்ணு இல்ல. தேவனூர்க்காரங்க ஊட்டுப் பொண்ணு. கிள்ளின துரும்பு இனி அவளக் கட்டாது. குடுத்தா வாங்கலாம்." நல்ல எண்ணத்தில் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, "வாங்கோணுமே" என்று சேர்த்தாள்.

 அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது, இருசாயிக்கும் தெரிந்திருந்தது. பஞ்சாயத்து முடிந்த அன்றிலிருந்து அவள் காத்திருந்தது பெண்ணின் கல்யாணத்துக்குத்தான். பிள்ளை வாங்கித் தின்பதைத் தடுக்க இனி எந்த முறையும் இல்லை. இனிமேல் தடுப்பதென்றால் பொன்னாயிதான் தடுக்கவேண்டும்.

தலை நோம்பிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் கருப்பண்ணன் வீட்டுக்கு வந்திருப்பதாகச் சேதி வந்தது. மூன்றாம் நாள் இருசாயி விடியுமுன் அடுப்பு மூட்டினாள். பிள்ளைகள் வந்து போனார்கள். பாகு கல்லில் ஆறியது. அவள் அதைத் திரும்ப எடுத்துச் சட்டியில் போட்டு இளக்கினாள். மறுபடி கல்லில் ஊற்றினாள். மறுபடி ஆறியது. மறுபடி இளக்கினாள். இளக்க இளக்க அது கறுத்துக்கொண்டே வந்தது. வேலப்பன்கூட விறகுக்குப் போகாமல் மாட்டுக்கொட்டகையில் நின்றார்.

"வரமாட்டா" என்றாள் என் மாமியார்.

"உங்க வாய் கொஞ்சம் மூடட்டும்" என்றேன் நான். அந்த வீட்டில் நான் மாமியாரை எதிர்த்துப் பேசியது அதுவே முதல். மாமியாரும் இருசாயியும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு பொன்னாயி வந்தாள். புதுச் சேலை. மாப்பிள்ளை ஓடைக்கரையிலேயே நின்றுகொண்டான். பாவாயி இந்த முறை வெறுங்கையோடு வந்து படலோரம் நின்றாள். எதற்கு வந்தாளென்று அவளுக்கே தெரியாதவள்போல இருந்தாள்.

"இத்தன நேரங் கழிச்சா வருவாங்க?" என்றாள் இருசாயி.

"கறிச்சோறு ஆக்கிப் போட்டுட்டுத்தான வரமுடியும்? நான் இன்னுஞ் சின்னப் பிள்ளையா?"

"பாகு செத்துப்போச்சு."

"உசுரு குடு."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் எண்ணெய் தடவி, கேட்காமலே தன் முனையை எடுத்தாள். இழுத்தார்கள். கெட்டியாக இருந்ததால் இருவருக்கும் மூச்சு வாங்கியது. அந்த வருஷத்துப் பாகு வைக்கோல் நிறத்துக்கு வரவே இல்லை. மண் நிறத்திலேயே நின்றுவிட்டது. இருசாயி அரிவாள்மனையில் வெட்டினாள். தினைமாவில் புரட்டினாள். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். 

பொன்னாயி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பாவாயியைப் பார்த்தாள். பாவாயி வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொன்னாயி அசையாமல் நின்றாள். வாங்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லித்தர இப்போது யாரும் இல்லை. நீட்டிய கை கீழே இறங்கவில்லை.  

பொன்னாயி எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். பல்லில் ஒட்டியதை நாக்கால் தள்ளினாள்.

"கசக்குது" என்றாள்.

"நீ வந்த நேரத்துக்கு அப்பிடித்தான் இருக்கும். மூடிட்டுத் தின்னு."

தின்றாள். விழுங்கி முடிந்ததும், முகத்தைச் சுளித்தபடியே, மறுபடியும் கையை நீட்டினாள்.